பெயரில்லாத பூனையின் கடைவாய்ப் பல்

"நீ எந்தப் பேஸ்ட்டுல ஆத்தா பல்லு விளக்குற?"

எதிர்வீட்டுச் சங்கிலியம்மாள் அத்தை என்னிடம் இப்படிக் கேட்டது ஓர் ஆடிமாதக் காலையில். காற்று தெருவில் கிடந்த குப்பையை எல்லாம் எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. நான் விளக்குமாற்றோடு நின்றிருந்தேன். பதினைந்து வருஷமாக எதிரெதிர் வீடு. ஆனாலும் "சாப்பிட்டியா", "அம்மா எங்க" என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டது கிடையாது. பேஸ்ட்டின் பெயரைச் சொன்னேன்.

"அதுல காரம் இருக்குமா?"

"லேசா இருக்கும் அத்தை."

"காரம் ஆகாது. சின்னப்பிள்ளைக விளக்குறதுக்குக் காரமில்லாம ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. இனிப்பா இருக்கும்."

"இனிப்புத் திங்காதே அது."

"எது அத்தை?"

"அதான்." கையை மேலே காட்டினார். அவர் வீட்டு மாடியில் காய்கிற துணியைத் தவிர ஒன்றுமில்லை.

"மாமாவுக்கா?"

"அவருக்கு எதுக்கு? வேப்பங்குச்சிய வச்சே முப்பத்திரண்டையும் காப்பாத்தி வச்சிருக்காரு. சோத்துல கல்லு கெடந்தாலும் கடிச்சு முழுங்கிருவாரு."

"அப்ப நாய்க்கா?"

"நாய்க்கு யாரு பேஸ்ட்டு வாங்குவா? எலும்பப் போட்டா அதுவா விளக்கிக்கிருது." அத்தை தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். "பூனைக்கு."

எனக்குச் சரியாகத்தான் காது கேட்டது. ஆனாலும், "பூனைக்கா?" என்றேன்.

"மெதுவாச் சொல்லு. வாயி நாறுது அதுக்கு. வட்டில்கிட்டப் போகுது, மோந்து பாக்குது, திரும்பிருது. ரெண்டு நாளா வெறும் தண்ணி. நீ ரெண்டு பாஷையும் படிச்ச பிள்ள. போன்ல பாத்து, என்ன செய்யணும்னு சொல்லு. நீதான் யாருகிட்டயும் பேச மாட்டியே, அதான் ஒங்கிட்ட வந்தேன். கோம்பையில இருந்துக்கிட்டு பூனைக்குப் பல்லு விளக்குறாடான்னு சிரிப்பாக."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கூட்டிய குப்பையைக் காற்று மறுபடியும் வாசலில் கொண்டுவந்து போட்டது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு அவர் கடைசியாகச் சொன்னது விளங்காது. கோம்பை என்றால் நாய். செம்பட்டை உடம்பும் கறுத்த மூஞ்சியுமான எங்கள் ஊர் நாயைத் தேடி சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். சங்கிலியம்மாள் அத்தை பிறந்த வீடும் நாய் வளர்க்கும் வீடு, வாழ வந்த வீடும் நாய் வளர்க்கும் வீடு. அவருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியான, விறைப்பான ஆள். போனில் விலை பேசுவதும், வருகிறவர்களிடம் வம்ச வரலாறு சொல்வதும் அவர் கணவர் சுந்தரலிங்கம் மாமா. ஈன்ற நாயிடம் குட்டியை எடுப்பது, பூச்சி மருந்து கொடுப்பது, பல் பார்ப்பது எல்லாம் அத்தை. வாய் காட்டாமல் அந்த வீட்டில் ஒரு குட்டியையும் கைமாற்றுவதில்லை. மாமா எடுத்து அனுப்பும் வீடியோவில் ஒரு கை மட்டும் உள்ளே வரும். கட்டைவிரல் ஒரு பக்கம், நடுவிரல் ஒரு பக்கம், ஒரே அழுத்து. குட்டி கத்தக்கூட மறந்து வாயைத் திறந்துவிடும். பல்வரிசையும் அண்ணமும் பளிச்சென்று தெரியும். அந்தக் கை யாருடையது என்று குட்டி வாங்கியவர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பூனை அந்த வீட்டுக்கு வந்தது எலிக்காக. நாய்க்குக் கூழ் காய்ச்சுகிற கேப்பை மூட்டையை எலி ஓட்டை போட்டது. நாய் இருக்கிற வீட்டில் எலி மருந்து வைக்க முடியாது. நாலு வருஷத்துக்கு முன் மாமா ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து வெள்ளையும் சாம்பலுமான ஒரு குட்டியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். கீழே ஐந்து நாய்கள். அதனால் பூனை மாடியிலேயே குடியிருந்தது. மாடிக்குப் படி கிடையாது, மூங்கில் ஏணிதான். அத்தை இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு கையில் வட்டிலோடு ஏறி இறங்குவதை நான் எங்கள் மாடி ஜன்னலிலிருந்து தினமும் பார்த்திருக்கிறேன். பூனையைத் தடவியோ கொஞ்சியோ பார்த்ததில்லை. வட்டிலை வைப்பார், இறங்கிவிடுவார். அதனால்தான் அன்று அவர் கேட்டது எனக்குக் குழப்பமாக இருந்தது.

ஐந்தாவது வரை உள்ளூரில் தமிழில் படித்தேன். அதற்குப் பிறகு உத்தமபாளையத்தில் ஆங்கிலத்தில். இரண்டு மொழி படித்தவள் என்றால் எல்லாம் தெரிந்தவள் என்று ஊரில் ஒரு நினைப்பு. எனக்கு இரண்டு மொழியிலும் பூனையின் பல்லைப் பற்றி எதுவும் தெரியாது. போனில் தேடினேன். தினமும் தேய்க்க வேண்டும் என்றது ஒரு பக்கம். வாரத்துக்கு மூன்று முறை போதும் என்றது இன்னொன்று. காய்ந்த தீனி கொடுத்தால் பல் தானாகச் சுத்தமாகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வெறும் நம்பிக்கை என்று அதற்குக் கீழேயே இன்னொருவர் எழுதியிருந்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டது இரண்டே இரண்டு விஷயத்தைத்தான். மனிதர் தேய்க்கும் பேஸ்ட் பூனைக்கு ஆகவே ஆகாது, அது துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும். அப்புறம், சாப்பிடாத பூனையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பேஸ்ட் கேட்டு வந்தவரிடம் பேஸ்ட்டே கூடாது என்று சொல்லத் தெருவைக் கடக்க எனக்கு அரை நாள் பிடித்தது. சொன்னேன். அத்தை தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். பிறகு, "டாக்டர்கிட்ட நீதான் பேசணும். நாளைக்குப் போவோம்" என்றார்.

திராட்சை அடுக்குகிற பிளாஸ்டிக் டிரே இரண்டு. கீழே ஒன்று, அதன்மேல் ஒன்றைக் கவிழ்த்து கயிற்றால் கட்டியிருந்தார். நடுவில் பூனை. அதை உள்ளே போட்ட கதை அத்தையின் முழங்கையில் மூன்று கோடாக இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"கோழியா?"

"பூனை" என்றார் அத்தை.

"ஏக்கா, கோம்பையில ஏறுற ஆளு நாயக் கொண்டாந்தாத்தான டிக்கெட்டு குடுக்குறதுக்கே எனக்குப் பெருமை!"

"கீழ அஞ்சு கட்டியிருக்கேன், வீட்டுக்கு வா. அதுககிட்டக் கேளு டிக்கெட்ட" என்றார் அத்தை. கண்டக்டர் சிரித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். அத்தை சிரிக்கவில்லை. கன்னத்தில் கிராம்பு போல எதையோ ஒதுக்கிக்கொண்டு, டிரேயின் ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டபடி உத்தமபாளையம் வரை வந்தார்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் ஓர் இளம்பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். சீட்டு எழுதும்போது கேட்டார்.

"பேரு?"

"சங்கிலியம்மா."

"உங்க பேரு இல்லம்மா. பூனை பேரு."

"பூனைதான்."

"பேரே வைக்கலையா? நாய்க்கெல்லாம் வைப்பீங்கல்ல?"

"நாய்க்கு வாங்குறவுக வைப்பாக. நாங்க வைக்கிறது இல்ல. பேரு வச்சுட்டா அனுப்ப மனசு வராதுன்னு எங்க வீட்டுல பழக்கம்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "இதையும் அனுப்பப் போறீங்களா?"

"இத யாரு வாங்குவா?"

டாக்டர் 'பூனை' என்றே எழுதிக்கொண்டார். உதவியாளர் துண்டில் சுற்றிப் பிடிக்க, டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறு சிவந்து வீங்கியிருக்கிறது, கடைவாயில் காரை பிடித்திருக்கிறது, இரண்டு பல் ஆடுகிறது என்றார்.

அத்தை முன்னால் வந்தார். "கொட்டாவி விடுறப்ப நான் எண்ணிப் பாத்துட்டேன் டாக்டரம்மா. நெதானமா எண்ண விடல, ஆனா முப்பதுக்கு மேல இல்ல. பன்னெண்டு பல்லு ஏற்கெனவே விழுந்துருச்சு. எலும்பு கடிக்கட்டும்னு ஆட்டுக்கால் எலும்பு போட்டேன். அதுலதான் விழுந்துச்சோ என்னமோ."

"பன்னெண்டா? எப்படிச் சொல்றீங்க?"

"நாப்பத்திரண்டுல முப்பது போக மிச்சம் பன்னெண்டுதான?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நாப்பத்திரண்டு நாய்க்கும்மா. பூனைக்கு மொத்தமே முப்பதுதான். ஒண்ணும் விழல."

அத்தையின் முகம் அப்போது போன போக்கை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு பல் திரும்பக் கிடைத்த நிம்மதியும், இருபது வருஷமாக எண்ணியவருக்குக் கணக்குத் தப்பிப்போன வெட்கமும் ஒன்றாக வந்தது. "அப்ப இதுகளுக்குப் பன்னெண்டு கம்மியா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"எலும்பு இனிமே போடாதீங்க. பல்லு ஒடைஞ்சிரும்" என்றார் டாக்டர்.

"கிராம்பு எண்ணெய் தொட்டு வைக்கலாமா?"

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "வச்சிட்டீங்களா?"

"விரல்ல தொட்டுக்கிட்டுப் போனேன். மோந்து பாத்துட்டு ஓடிருச்சு."

"நல்லவேளை ஓடுச்சு. பூனைக்குக் கிராம்பு ஆகாதும்மா. விஷம் மாதிரி."

"எனக்குக் கேக்குதே" என்றார் அத்தை. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். நான் பூனையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடுகிற இரண்டு பல்லையும் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குத் தேனிக்குப் போகச் சொன்னார். போனோம். எடுத்தார்கள், காரையையும் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு மெத்தென்ற சாப்பாடு, அதற்குப் பிறகு தினமும் பல் தேய்க்க வேண்டும் என்றார்கள். தேய்க்க ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து உத்தமபாளையத்திலேயே காட்டச் சொன்னார்கள். ஈறு ஆறவில்லை என்றால் மிச்சமிருக்கிற கடைவாய்ப் பற்களையும் எடுக்க வேண்டி வரும்.

"எல்லாத்தையுமா?" என்று அத்தை கேட்டார்.

"வலியோட வச்சிருக்கிறதுக்கு இல்லாம இருக்கிறது மேல்."

வெளியே வந்ததும் அத்தை சொன்னார்: "எடுக்க விடமாட்டேன் ஆத்தா. வாயத் தெறக்க வைக்கிறது எனக்கென்ன புதுசா?"

பூனைக்கான பேஸ்ட்டும், விரலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் பிரஷ்ஷும் தேனியிலேயே வாங்கினோம். டியூபில் கோழி படம் போட்டிருந்தது.

"கோழி எதுக்கு?"

"கோழி ருசியாம் அத்தை."

"விளக்கவா திங்கவா?"

"முழுங்கலாம்னு போட்டிருக்கு."

"துப்ப வேண்டாமா?"

"வேண்டாமாம்."

"நம்மள மட்டும் துப்பச் சொல்றாக" என்றார் அத்தை.

டப்பாவுக்குள் மடித்த ஒரு தாள் இருந்தது. எட்டுப் படம், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி ஆங்கிலம். அத்தை நாலாவது வரை படித்தவர். தமிழில் எழுதிக் கொடு, பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு வாரம் போவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் பேஸ்ட்டை நக்கவிடுங்கள். கன்னத்தைத் தொட்டுப் பழக்குங்கள். இப்படி வரிசையாக வந்தது. நாலாவது படத்தில் நின்றுவிட்டேன். பூனையின் வாயைத் திறக்க முயல வேண்டாம், வாய் மூடியிருக்கும்போதே உதட்டோரத்தை லேசாகத் தூக்கி வெளிப்பக்கம் தேய்த்தால் போதும் என்று அதில் இருந்தது.

மூன்று தடவை படித்தேன். வாயைத் திறக்காமல் எப்படிப் பல் தேய்ப்பது? தாள் எழுதியவர் வேறு எதையோ சொல்கிறார், எனக்குத்தான் பிடிபடவில்லை என்று தோன்றியது. சரியாகவே இருந்தாலும் சங்கிலியம்மாள் அத்தையிடம் போய், வாயைத் திறக்காதீர்கள் என்று நான் சொல்வதா? ஒரு நாயின் வாயைக்கூட நான் தொட்டதில்லை. அந்தப் படத்தை விட்டுவிட்டு மற்ற ஏழையும் எழுதிக் கொடுத்தேன்.

அத்தை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "படம் எட்டு இருக்கு. நீ ஏழுதான எழுதியிருக்க?"

"ஒண்ணு விளம்பரம் அத்தை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அத்தை பல் தேய்க்க ஏறினார். முதல் நாள் பூனை பேஸ்ட்டை நக்கியது. இரண்டாம் நாள் கன்னத்தைத் தொட விட்டது. மூன்றாம் நாள், நான் எழுதிக் கொடுத்த தாளின்படி, பல்லுக்குப் போக வேண்டும். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பூனைக்கு எதிரே உட்கார்ந்து அதன் கண்ணை நேராகப் பார்த்தார், குட்டிகளைப் பார்ப்பதுபோல. கட்டைவிரல் ஒரு பக்கம், நடுவிரல் ஒரு பக்கம், அழுத்தினார். பூனை அவர் கையில் இல்லை. அடுத்த நாள் துண்டில் சுற்றிப் பிடித்தார். பூனை துண்டை மட்டும் விட்டுவிட்டுப் போனது. ஐந்தாம் நாள் அத்தையின் ஆள்காட்டி விரலில் இரண்டு பக்கமும் பல் இறங்கியது. அவர் அதட்டிய அதட்டலில் கீழே ஐந்து நாயும் படுத்துவிட்டன. பூனை பக்கத்துத் தகரக் கூரையில் குதித்து, அங்கிருந்து எங்கோ போய்விட்டது.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அத்தை கடிபட்ட விரலுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து, நேராகத் தெருவில் இறங்கித் தேட ஆரம்பித்தார். தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, கூப்பிட ஒரு பெயர் இல்லை. அவருக்குத் தெரிந்தது நாய்க்கு அடிக்கிற விசில். அதை அடித்தால் ஐந்து நாயும் சங்கிலியை இழுத்துக்கொண்டு எழுந்தன. விசிலை விட்டுவிட்டு, "ஏ... இந்தா... ஏ" என்று சுவர் சுவராகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். அவர் கையில் மீன் குழம்பு வட்டில் இருந்தது.

தெருமுனையில் டீக்கடை ராக்கையா அண்ணன் கேட்டார்: "என்னக்கா, குட்டி எதுவும் அத்துக்கிட்டுப் போயிருச்சா? எந்தக் குட்டி, சொல்லு. பயலுகள விட்டுத் தேடச் சொல்றேன்."

"குட்டி இல்ல. பூனை."

கடையில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள்.

"பூனையா! அட, அதுக்கா இம்புட்டு நடை? ஏக்கா, ஒங்க வீட்டுக் குட்டி இருபது போச்சு, ஒரு நா வாசல்ல நின்னு பாத்திருப்பியா நீ?"

"அதுகளுக்குப் போற எடத்துல ஆளு இருக்கு. இதுக்கு வாயில ரெண்டு பொத்தலு இருக்கு. எங்கிட்டுப் போயி எதத் திங்கும்?" என்றார் அத்தை. யாரும் சிரிக்கவில்லை. ராக்கையா அண்ணன் அடுப்பில் பாலைக் கிண்டினார்.

தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒளிக்க வேண்டும் என்று என்னிடம் வந்தவர், தானே ஊர் நடுவில் சொல்லிவிட்டார். இவ்வளவுக்கும் காரணம் நான் எழுதாமல் விட்ட இரண்டு வரி என்பது எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் யோசித்ததில் ஒரு பகல் போனது. அன்று சாயங்காலம் எட்டுப் படத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கூழ்ப்பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அது விளம்பரம் இல்ல."

"எது?"

நாலாவது படத்தைக் காட்டினேன். அதில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னேன். ஏன் சொல்லாமல் விட்டேன் என்பதையும் சொல்லப் பார்த்தேன், சரியாக வரவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் போலவே குழம்பினார்.

"தெறக்காம எப்படி ஆத்தா? உள்ள அழுக்கு இருக்குமே?"

"உள்பக்கம் அதோட நாக்கே பாத்துக்கிருமாம். நாக்கு சொரசொரன்னு இருக்குல்ல. அழுக்கு அதிகம் பிடிக்கிறது வெளிப்பக்கந்தானாம்."

"அப்படின்னா எங்கன பிடிக்கிறது?"

என் வாயை மூடிக்கொண்டு, உதட்டோரத்தை விரலால் தூக்கிக் காட்டினேன். பல் தெரிந்தது. அத்தை குனிந்து பார்த்தார். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தன் இடது உதட்டோரத்தைத் தானே தூக்கி, விரலை உள்ளே விட்டார். உடனே கையை எடுத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. வழி இருக்கு. போகுது விரலு."

திண்ணையோரம் உட்கார்ந்து நாய்க்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்த சுந்தரலிங்கம் மாமா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் என்ன, ஒருத்தருக்கு ஒருத்தர் பழிப்புக் காட்டுறீக?" என்றார்.

"ஒங்க பல்லுக்கு இதெல்லாம் வெளங்காது. நீங்க நாயப் பாருங்க" என்றார் அத்தை.

மூன்றாம் நாள் காலையில் பூனை தானாகவே மாடியில் இருந்தது. எங்கே இருந்தது, என்ன தின்றது, ஒன்றும் தெரியவில்லை. வயிறு ஒட்டிக் கிடந்தது. அத்தை என்னையும் ஏணியில் ஏறச் சொன்னார். இரண்டு பேர் நின்றால் பூனை மிரளும் என்று தாளில் இருந்தது. அதை அந்தக் கணமே சொன்னேன். "சரி, நீ ஏணியிலயே நில்லு, தலை மட்டும் தெரியட்டும்" என்றார்.

அத்தை பூனைக்கு எதிரே உட்காரவில்லை. பக்கத்தில், அதே திசையைப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலில் பேஸ்ட்டைத் தொட்டு நீட்டினார். பூனை வெகுநேரம் கழித்து நக்கியது. அவ்வளவுதான், இறங்கிவிட்டார். மறுநாளும் அதேதான். நாலாம் நாள் கன்னம். கட்டைவிரலையும் நடுவிரலையும் ஒன்றுசேர விடாமல் நாலு விரலையும் மடக்கி முஷ்டி பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலை மட்டும் நீட்டினார். விரல்களுக்குப் பழக்கம் போகவில்லை. ஒருநாள் அவை தானாகவே தாடையைத் தேடிப் போனபோது, தன் கையைத் தானே அடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் உதட்டோரம் உயர்ந்தது. மேல்வரிசையில் ஒரு கோரைப்பல், அதற்குப் பின்னால் ஒரு பல். நான் மனசுக்குள் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று தேய்ப்பு. பூனை தலையை இழுத்துக்கொண்டு வாயை நக்கியது. ஓடவில்லை. அத்தை திரும்பி ஏணியில் தெரிந்த என் தலையைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார்.

பிறகு தினமும் அதே நேரம், கூழ் காய்ச்சி இறக்கியதும். இடது பக்கம் பழகியது, வலது பக்கம் பழக இன்னும் ஒரு வாரம் பிடித்தது. சில நாள் பூனை விடாது. அன்று அத்தை வற்புறுத்தாமல் இறங்கிவிடுவார். வாய் நாற்றம் குறைந்ததாக அவர் சொன்னார். ஒருநாள் என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். கோழி பேஸ்ட் வாசனைதான் வந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடியும் அதே டிரே, அதே பஸ். இந்தமுறை பூனை உள்ளே போவதற்கு ஒரே ஒரு கோடுதான் போட்டது. டாக்டர் டார்ச்சை எடுத்தார். நான் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈறு இன்னும் சிவந்திருந்தால், எட்டுப் படத்தில் நான் விழுங்கிய ஒரு படத்துக்காகப் பூனை எல்லாக் கடைவாய்ப் பல்லையும் இழக்கும். டாக்டர் வாயைத் திறக்கவில்லை. உதட்டோரத்தைத்தான் தூக்கினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"ரோஸ் கலருக்கு வந்திருச்சே! எடுக்க வேண்டியதில்லை. யாரு தேய்ச்சது?"

அத்தை கடிபட்ட விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளதான் படிச்சுச் சொன்னுச்சு" என்றார்.

அதை மறுக்க வேண்டுமா, எப்படி மறுப்பது என்று யோசிப்பதற்குள் டாக்டர் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் கடலைமிட்டாய் வாங்கி அத்தையிடம் நீட்டினேன். வேண்டாம் என்றார். வற்புறுத்தியதும் சின்னதாக ஒரு விள்ளல் எடுத்து, வலது பக்கம் ஒதுக்கி, மெல்லாமல் ஊறவைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டே இருந்தது அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்து வந்தது. கன்னத்தில் எப்போதும் இருக்கிற கிராம்பு. 'எனக்குக் கேக்குதே' என்று சொன்னது. விரல் பட்டதும் வந்த கண்ணீர். பூனை வட்டிலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்புவதை அந்த வீட்டில் வேறு யாரும் கவனிக்காமல் இவர் மட்டும் கவனித்தது எப்படி என்பது. கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்காமல் இருந்தது போதும் என்றும் நினைத்தேன்.

"அத்தை, இடது பக்கம் பல்லு வலிக்குதா?"

பஸ் புறப்பட்டு, ஊர் எல்லை தாண்டி, இரண்டு பக்கமும் தென்னை வந்தது. மடியில் டிரே. ஓட்டை வழியாக விட்டிருந்த விரலைப் பூனை நக்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருசமா ஆடுது ஆத்தா" என்றார். "ஒங்க மாமாகிட்டச் சொன்னா வேப்பங்குச்சி ஒடிச்சுட்டு வருவாக. எனக்கு ஒரு பல் டாக்டரப் பாத்துச் சொல்லு. நீயும் கூட வரணும், இதுக்குப் பேசுன மாதிரி எனக்கும் நீதான் பேசணும். ஆனா ஒண்ணு, ஏறி உக்காந்ததும் வாயத் தெற, வாயத் தெறன்னு சொல்ற டாக்டரா இருந்தா எனக்கு வேணாம். ஓரமாத் தூக்கிப் பாக்குறவுகளா ஒருத்தரப் பாரு."